மைக் கிட்ட, கேமரா எட்ட

பெரியப்பா பாடி முடித்ததும் போனில் ஓட்டிக் காட்டினேன். அரை நிமிடம் கேட்டார். "கிணத்துக்குள்ள எவனோ பாடற மாதிரி இருக்குது கண்ணு. இது நானா?" என்றார்.

படத்தில் ஒரு குறையும் இல்லை. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் நன்றாக விழுந்திருந்தது. பின்னால் சுவர் சுத்தமாக இருந்தது. போன் ஆடாமல் ட்ரைபாடில் நின்றது. அவரிடமிருந்து 8 அடி தள்ளி வைத்திருந்தேன். அப்போதுதான் தலையிலிருந்து முழங்கால் வரை படத்தில் அடங்கியது. அந்த 8 அடிதான் குரலைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. போனில் இருக்கும் மைக் மட்டம், நல்ல மைக் ஒன்று வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வாங்கினேன். அதையும் அதே ட்ரைபாடில், போனுக்குப் பக்கத்தில் கட்டி வைத்தேன். கிணறு அப்படியே இருந்தது.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவில் இருக்கிறது. பெரியப்பாவுக்கு வயது 71. நாற்பது வருடத்துக்கு மேல் பாரதக் கூத்தில் வேஷம் கட்டியவர். கர்ணன் என்றால் அவர்தான் என்று சுற்று வட்டாரத்தில் சொல்வார்கள். அவர் ஆடிய ஊர்களில் பாதி இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கின்றன; 2004-ல் பிரிக்கும் வரை எல்லாம் ஒரே தருமபுரி மாவட்டம்தான். முழங்கால் வலி வந்தபிறகு ஆட்டத்தை நிறுத்திவிட்டார். பாட்டு மட்டும் நிற்கவில்லை. அவரிடம் நான்கு நோட்டுகள் இருக்கின்றன. விருத்தம், தாளத்தோடு பாடும் தரு, வசனம் எல்லாம் அவர் கையெழுத்திலேயே எழுதியவை. ஆனால் நோட்டில் சொல் இருக்கிறதே தவிர மெட்டு இல்லை. எந்த இடத்தில் இழுப்பது, எந்த இடத்தில் மத்தளத்துக்கு வழி விடுவது, மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் பேசும்போது குரல் எப்படி இறங்குகிறது, இதெல்லாம் அவர் தொண்டையில் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பிடித்து வைக்க வேண்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

நான் ஓசூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். சனிக்கிழமை இரவு ஊருக்கு வந்து ஞாயிறு மாலை திரும்புவேன். இரண்டு கோடைகளாக, கிடைத்த சனி ஞாயிறுகளில் இந்தப் பதிவு நடக்கிறது. இவ்வளவு நாளில் கற்றுக்கொண்டதை ஒரு வரியில் சொல்வதானால், கேமரா எட்டி நிற்க வேண்டும், மைக் கிட்ட நிற்க வேண்டும், இரண்டையும் ஒரே ஸ்டாண்டில் மாட்டக் கூடாது. மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

ஏன் என்று சொல்கிறேன். வாயிலிருந்து கிளம்பும் சத்தம் திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 1 அடியில் இருக்கும் மைக்குக்கும் 8 அடியில் இருக்கும் மைக்குக்கும் நடுவில் மூன்று இரட்டிப்பு. அதாவது 18 டெசிபல். சரி, குறைந்ததைக் கெயின், அதாவது மைக் சத்தத்தைப் பெருக்கும் அளவு, கூட்டி ஈடு செய்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்புகிற எக்கோ அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிறைந்திருக்கும். மைக் 1 அடியில் இருந்தாலும் 8 அடியில் இருந்தாலும் எக்கோவின் அளவு பெரிதாக மாறாது. நேர்க்குரல்தான் மாறும். கெயினைக் கூட்டினால் குரலோடு சேர்ந்து எக்கோவும் மின்விசிறியும் பக்கத்து வீட்டு மிக்சியும் கூடும். எத்தனை ஆயிரம் ரூபாய் மைக்காக இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. இடத்தை மாற்றினால்தான் மாறும்.

கேமராவின் கணக்கு இதற்கு நேர் எதிர். போனின் முதன்மை லென்ஸ் அகலமாகப் பார்க்கிற லென்ஸ். அதை முகத்துக்கு 2 அடியில் வைத்தால் மூக்கு பெருத்துக் காது பின்னால் போய்விடும். நாம் ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது முகம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிய வேண்டுமென்றால் 5, 6 அடியாவது தள்ளிப் போக வேண்டும். ஆக, ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்குக் கெடுதல். ஒரு கம்பத்தில் இரண்டையும் கட்டினால் எப்போதும் ஒன்று பட்டினிதான். பெரும்பாலும் பட்டினி கிடப்பது மைக். ஏனென்றால் படம் கெட்டால் எடுக்கும்போதே கண்ணில் தெரிந்துவிடும், சத்தம் கெட்டது வீட்டுக்கு வந்து கேட்கும்போதுதான் தெரியும்.

ஆகவே இரண்டாவது ஸ்டாண்ட் ஒன்று வாங்கினேன். மேலே குறுக்குக் கை நீண்ட பூம் ஸ்டாண்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மைக் வாங்க மூன்று வாரம் யோசிக்கிறவர்கள்கூட ஸ்டாண்டைக் கடைசியில் கையில் மிஞ்சின காசுக்கு வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். முதல் மாதமே அது கவிழ்ந்தது. மைக் பெரியப்பாவின் தோளை உரசிக்கொண்டு போய் ஆர்மோனியத்தின் மேல் விழுந்தது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை உடைந்தது. மைக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியப்பாவுக்கு அடிபட்டிருந்தால் அவர் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் பெரியம்மா அதற்குப் பிறகு அந்த ஸ்டாண்டை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்.

பூம் ஸ்டாண்டுக்கு மூன்று கால். குறுக்குக் கை எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் ஒரு கால் அதற்கு நேர் கீழே இருக்க வேண்டும். கை இரண்டு கால்களுக்கு நடுவே நீண்டால், அந்தப் பக்கம் தாங்க ஒன்றும் கிடையாது, கவிழும். இது கண்ணால் பார்த்தாலே புரிகிற விஷயம். ஆனால் அவசரத்தில் எல்லோரும் கையைத் திருப்பிக்கொண்டே போவோமே தவிர காலைத் திருப்ப மாட்டோம். அப்புறம் பாரம். ஒரு மஞ்சப்பையில் ஜல்லியை நிரப்பி வாயைக் கட்டி, மைக்குக்கு எதிர்ப்பக்கத்து இரண்டு கால்களின் மேல் போட்டேன். நம் பக்கத்தில் ஜல்லிக்குப் பஞ்சமில்லை. மணலைவிட ஜல்லி நல்லது, பை கிழிந்தாலும் ஒழுகாது. இன்னொன்று, குறுக்குக் கையைத் தளர்த்தாமல் வலிந்து வளைக்காதீர்கள். தளர்த்தி, வைத்து, பிறகு முடுக்குங்கள். முடுக்கினபடியே வளைத்தால் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்துபோய், எவ்வளவு இறுக்கினாலும் பாட்டின் நடுவில் மைக் மெல்ல மெல்லத் தலை குனியும்.

மரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது என் தொழில். கேமராவும் போன் கிளிப்பும் சின்ன ரெக்கார்டரும் 1/4 அங்குல மரையில் ஏறும், அங்குலத்துக்கு 20 மரை. மைக் ஸ்டாண்டின் தலையில் இருப்பது 3/8 அல்லது 5/8. இந்த 5/8 வினோதமானது, அங்குலத்துக்கு 27 மரை. இரும்புக் கடையில் கேட்டால் கிடைக்கிற 5/8 நட்டுக்கு 11 மரைதான், அது இதில் பிடிக்காது. வலிந்து ஏற்றினால் மைக் கிளிப்பின் மரை போய்விடும். ஒன்றை மற்றொன்றாக மாற்றுகிற சின்னப் பித்தளை அடாப்டர்கள் கிடைக்கின்றன. இரண்டு மூன்று வாங்கிப் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1/4 அங்குல போல்ட் எங்கும் கிடைக்கும், ஏறவும் ஏறும், ஆனால் நீளம் கூடினால் கேமராவின் அடிப்பகுதியில் உள்ளே போய் இடிக்கும். கையால் ஏறுகிற அளவுக்கு மேல் ஸ்பானர் போடவே கூடாது.

ஸ்டாண்ட் நின்றது. மைக்கைப் பெரியப்பாவின் வாய்க்கு நேராக, ஒரு சாண் தள்ளி வைத்தேன். பாடத் தொடங்கினார். இரண்டு வரி போவதற்குள் தலை மேலே போய்விட்டது. "பெரியப்பா, கொஞ்சம் மைக்கைப் பாத்துப் பாடுங்க" என்றேன். சரி என்று குனிந்தார். மறுபடி பாட்டு ஏறினதும் முகவாய் மேலே எழுந்தது. மூன்று முறை நிறுத்தினேன். நான்காவது முறை அவரே நிறுத்திவிட்டார். "எதிர்ல வந்து நின்னா பாட வரல கண்ணு. ஆளு வாயைப் பொத்தற மாதிரி இருக்குது."

அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் உறைத்தது. கூத்து நடக்கும் இடத்தில் யாருக்கும் முன்னால் ஸ்டாண்ட் வைக்க மாட்டார்கள். வைத்தால் ஆட முடியாது, கிரீடமும் புஜக்கட்டையும் இடிக்கும். மேலே குறுக்கே கயிறு கட்டி, அதிலிருந்து மைக்கைத் தொங்கவிட்டிருப்பார்கள். வேஷக்காரர் ஆடிக்கொண்டே வந்து அதற்குக் கீழே நின்று, முகத்தைத் தூக்கிப் பாடிவிட்டுப் போவார். பெரியப்பா நாற்பது வருடம் மேலே இருக்கும் மைக்கைப் பார்த்துப் பாடியவர். கழுத்து அதற்குப் பழகியிருக்கிறது. நான் அவர் கழுத்தைத் திருத்தப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பூமை உயர்த்தி, மைக்கை நெற்றிக்கு மேலே ஒன்றரைச் சாண் உயரத்தில், ஒரு சாண் முன்தள்ளி, வாயைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தேன். அவர் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். முழு விருத்தத்தையும் நிறுத்தாமல் பாடினார். நான் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். கிணறு போய்விட்டது. அவர் மூச்சு வாங்குவது, உதடு பிரிவது எல்லாம் கேட்டது. எழுந்து போய்ப் பெரியம்மாவைக் கூட்டிவந்து ஹெட்போனைக் காதில் வைத்தேன். பாதியில் கழற்றிக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். கண் கலங்கியிருந்தது.

மேலிருந்து பிடிப்பதில் வேறு நன்மைகளும் உண்டு என்று பிறகு தெரிந்தது. வாய்க்கு நேர் எதிரே மைக் இருந்தால் 'ப' வருகிற இடத்திலெல்லாம் காற்று போய் மோதி 'தப்' என்று கேட்கும். மேலே இருந்தால் அந்தக் காற்று கீழே போய்விடும், குரல் மட்டும் மேலே வரும். மைக் படத்துக்கு வெளியே இருக்கும், முகத்தை மறைக்காது. தூரமும் கொஞ்சம் கூடுகிறது. ஒருபக்கமாகக் கேட்கும் மைக்கை மிகவும் கிட்டே வைத்தால் கீழ்ச்சுருதி பருத்துவிடும். வானொலி அறிவிப்பாளருக்கு அது அழகு. கூத்துக் குரலுக்கு ஆகாது. அந்தக் குரலின் உயிர் அதன் கூர்மையில் இருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் ஒரு வயல்வெளி முழுக்கப் போய்ச் சேரச் செய்த குரல் அது. பருமன் சேர்த்தால் மழுங்கிவிடுகிறது. நெற்றிக்கும் மைக்குக்கும் நடுவே ஒன்றரைச் சாணிலிருந்து இரண்டு சாணுக்குள் எனக்குச் சரியாக வந்தது. அவர் கர்ணனாகக் கோபப்படும் இடத்தில் இரண்டு. பொன்னுருவியிடம் தணிந்து பேசும் வசனத்தில் ஒன்றரை.

சத்தத்தின் அளவு பார்க்கும்போது, பாடுகிறவரை "ஹலோ, ஒன்று, இரண்டு" என்று சொல்லச் சொல்லாதீர்கள். இருப்பதிலேயே சத்தமான இடத்தை முதலில் பாடச் சொல்லுங்கள். அந்த உச்சம் ரெக்கார்டர் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் நிற்கும்படி கெயினை வைத்துவிட்டு, பிறகு தொடாதீர்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் மெல்லிய இடங்களைப் பின்னால் தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம். உச்சத்தில் உடைந்த சத்தத்தை மட்டும் யாராலும் ஒட்ட முடியாது. முதல் மாதத்தில் எடுத்த நல்ல பாட்டு ஒன்று எனக்கு அப்படிப் போனது.

மைக்கின் முதுகும் முக்கியம். நாம் சாதாரணமாக வாங்கும் கார்டியாய்டு வகை மைக் முன்னால் நன்றாகக் கேட்கும், நேர் பின்னால் மிகக் குறைவாகக் கேட்கும். சூப்பர் கார்டியாய்டு என்று போட்டிருந்தால் அதன் செவிட்டுப் பக்கம் நேர் பின்னால் இல்லை. பின்பக்கத்தில் இரண்டு ஓரமாக, 125 டிகிரி அளவில் இருக்கும். எது என்று பார்த்து, அந்தச் செவிட்டுப் பக்கத்தை எந்தச் சத்தம் வேண்டாமோ அதன் பக்கம் திருப்ப வேண்டும். எங்கள் வீட்டில் வேண்டாத சத்தம் ரோட்டிலிருந்து வரும் தக்காளி லாரி. பாலக்கோட்டு மார்க்கெட்டுக்கு விடியலில் போகும். முதலில் பெரியப்பாவை ரோட்டுக்கு முதுகு காட்டி உட்கார வைத்திருந்தேன், அதாவது மைக் அவரைத் தாண்டி நேராக ரோட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவரைத் திருப்பி, ரோட்டைப் பார்த்து உட்கார வைத்தேன். மைக்கின் முதுகு ரோட்டுப் பக்கம் போயிற்று. காசு செலவில்லாமல் பாதி லாரி குறைந்தது. ரயில் மட்டும் குறையவில்லை. சேலம் பெங்களூர் பாதை ஊரை ஒட்டிப் போகிறது. வண்டி வந்தால் நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, போனபிறகு தொடர்வோம்.

இங்கே ஒரு பேச்சைத் தெளிவாக்க வேண்டும். மின்சாரம் கொடுத்து ஓட்டும் கண்டென்சர் மைக் எல்லா இரைச்சலையும் இழுக்கும், வீட்டுக்கு மேடையில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் வகைதான் சரி என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. டைனமிக் மைக்கை நாம் வாயருகே வைக்கிறோம். கண்டென்சரை எட்ட வைத்துவிட்டு, இரைச்சல் வருகிறது என்கிறோம். ஒரே தூரத்தில், ஒரே திசையில் வைத்து, குரலின் அளவைச் சமமாக்கிக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது வித்தியாசத்தில் பெரும்பங்கு தூரத்தினுடையதாகத்தான் இருந்தது. ஊரில் சவுண்ட் சர்வீஸ்காரர் கொடுத்த ஷூர் எஸ்எம்58, 1966-லிருந்து வந்துகொண்டிருக்கும் டைனமிக் மைக், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். கண்டென்சருக்கு 48 வோல்ட் கொடுக்க வேண்டும், ஈரம், தூசி எல்லாம் பார்க்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒன்று, அதை மத்தளத்துக்கு வைக்கிறேன்.

தரு என்றால் மத்தளம் வேண்டும். பெரியப்பாவோடு பழைய செட்டில் இருந்த மத்தளக்காரர் மாதம் ஒருமுறை வருவார். அவரை "அண்ணா" என்றுதான் கூப்பிடுகிறேன், வயது அறுபதுக்கு மேல். இரண்டு பேரும் கிட்டக் கிட்ட உட்கார்ந்துதான் பழக்கம். முகம் பார்த்துத்தான் ஒருவர் விடுவதை இன்னொருவர் எடுப்பார். பிரித்து உட்கார வைத்தால் சுத்தமான பதிவு கிடைக்கும், பாட்டு செத்துப்போகும். ஆகையால் மைக்கைத்தான் யோசித்து வைக்க வேண்டும். ஒரு மைக் வாய்க்கு 1 அடியில் இருந்தால், அடுத்த மைக் அந்த மைக்கிலிருந்து 3 அடியாவது விலகி இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே சத்தம் இரண்டு மைக்கிலும் கொஞ்சம் முன்பின்னாக விழுந்தால், கலக்கும்போது ஒன்றை ஒன்று தின்னும். குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். விலகியிருந்தால் இரண்டாவதில் விழுகிற குரல் மெலிந்துவிடும், தின்னப் பலம் இருக்காது.

மத்தளத்தின் மைக்கை ஏதாவது ஒரு தலைக்கு அருகில் வைத்தால் அந்தத் தலை மட்டும்தான் கேட்கும். வலந்தலையில் வைத்தால் அடிக்குரல் போய்விடும், இடந்தலையில் வைத்தால் சொல் போய்விடும். ஒரு முழம் முன்னால், இரண்டு தலைக்கும் நடுவில், கொஞ்சம் மேலிருந்து பார்க்கும்படி வைத்தேன். அண்ணா இரண்டு அடி அடித்துக் காட்டிவிட்டு, "எனக்கு மடியில கேக்கற மாதிரியே இருக்குது" என்றார். அந்த இடத்தை அதற்குப் பிறகு மாற்றவில்லை.

இதே மாதிரி ஒன்றை ஒன்று தின்னும் கோளாறு ஒரே ஒரு மைக்கிலும் வரும். பெரியப்பா நோட்டை ஒரு சாய்வுப் பலகை மேல் வைத்துப் பார்த்துப் பாடுவார். குரல் நேராகவும் மைக்குக்குப் போகிறது, பலகையில் பட்டும் போகிறது. பட்டுப் போகும் வழி நேர் வழியைவிட 34 சென்டிமீட்டர் நீளம் என்றால் சத்தம் ஒரு மில்லி வினாடி தாமதமாக வரும். 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், 1500-ல் ஒன்று, 2500-ல் ஒன்று என்று குரலில் சீப்புப் பல் மாதிரி ஓட்டை விழும். காரணம் தெரியாமல் இரண்டு வாரம் ஈக்வலைசரைத் திருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் பலகை மேல் பழைய கம்பளியை நான்காக மடித்துப் போட்டதும் தீர்ந்தது.

அவர் உட்கார்ந்து பாடினாலும் கால் சும்மா இருக்காது. அடவு போட்டுக்கொண்டே இருக்கும். புது வீட்டின் டைல்ஸ் தரையில் அந்த அடி ஸ்டாண்டின் கால் வழியாக ஏறி மைக்கில் 'தும் தும்' என்று விழுந்தது. காலை அசைக்காதீர்கள் என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. கோணிப்பையை மடித்து மூன்று கால்களுக்கும் கீழே வைத்தேன். ரெக்கார்டரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தானைப் போட்டேன். குறைந்தது, ஆனால் போகவில்லை.

டைல்ஸ் தரை, வழவழப்பான கிரானைட் மேடை, எதிரெதிராக வெறும் சுவர். புது வீட்டுக் கூடத்தில் கை தட்டினால் சத்தம் இரண்டு சுவருக்கும் நடுவில் 'டர்ர்ர்' என்று உருளும். எந்த அறையிலும் முதலில் இப்படிக் கை தட்டிப் பாருங்கள். உருண்டால் அது ஆகாது. பக்கத்திலேயே தாத்தா கட்டிய பழைய வீடு இருக்கிறது. மண் சுவர், நாட்டு ஓடு, சாணி மெழுகின தரை. ஒரு பக்கம் கேழ்வரகு மூட்டை, மறுபக்கம் கொட்டை எடுக்காத புளி. அங்கே போய்க் கை தட்டினேன், தட்டின இடத்திலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து பதிவு அங்கேதான். காலடியும் மண் தரையில் அடங்கிவிட்டது. மழை வந்தால் மட்டும் ஓட்டுச் சத்தத்துக்கு நிறுத்த வேண்டும். கோடை என்பதால் அது இரண்டே முறைதான் நடந்தது.

பழைய வீட்டில் வெளிச்சம் போதாது. கதவைத் திறந்து வைத்து, வாசல் வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கம் விழும்படி உட்கார வைத்தேன். இரவில் எடுத்தால் விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே விளக்கு வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கேமராவின் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்தால் படத்தில் பட்டை ஓடாது. தானாக விட்டுவிட்டால் சில விளக்குகளில் ஓடும். கேமராவின் உயரம் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டம். பூமை மெல்ல இறக்கிக்கொண்டே வந்து, போன் திரையில் மைக்கின் நுனி எட்டிப் பார்த்ததும் நான்கு விரல் மேலே ஏற்றிவிடுங்கள். அதுதான் மைக்குக்குக் கிடைக்கக்கூடிய மிகக் கிட்டின இடம்.

சத்தம் ஒரு கருவியில், படம் ஒரு கருவியில் என்பதால் பின்னால் பொருத்துவதற்கு ஒரு குறி வேண்டும். சினிமாவில் கிளாப் அடிப்பார்கள். எங்களுக்குத் தாளம் இருக்கிறது. அண்ணா பாட்டுக்கு முன்னால் கேமராவுக்குத் தெரியும்படி தாளத்தை ஒரு தட்டுத் தட்டுவார். அந்த 'டிங்' சத்தக் கோட்டில் ஊசி மாதிரி நிற்கும், படத்தில் இரண்டு வட்டும் சேருகிற ஃபிரேமைத் தேடி வைத்தால் முடிந்தது. இந்தக் கோடையில் பக்கத்து ஊர்த் திரௌபதியம்மன் கோயிலில் துரியோதனன் படுகளம் எடுக்கப் போனபோது இதன் அருமை இன்னும் தெரிந்தது. கூட்டத்தில் கிட்டப் போக முடியவில்லை, 100 அடி தள்ளி நின்று கேமரா மைக்கிலேயே எடுத்தேன். சத்தம் அந்த 100 அடியைக் கடக்க ஏறக்குறைய 90 மில்லி வினாடி ஆகிறது. வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் இரண்டு ஃபிரேமுக்கு மேல் பிந்திவிட்டது. கை விழுந்தபிறகுதான் மத்தளம் கேட்கிறது.

படம் பற்றி இன்னும் ஒன்று. சத்தம் எல்லாம் சரியானபிறகும் பெரியப்பாவின் முகம் வெறுமையாக இருந்தது. பாட்டில் அழுகை இருக்கிறது, முகத்தில் இல்லை. ராத்திரி முழுக்க நூறு முகங்களைப் பார்த்துப் பாடியவர், இப்போது ஒரு கண்ணாடிப் பொட்டைப் பார்த்துப் பாடுகிறார். பெரியம்மாவைக் கூப்பிட்டு, கேமராவுக்குச் சரியாகப் பக்கத்தில், லென்ஸோடு தலை ஒட்டும்படி முக்காலி போட்டு உட்கார வைத்தேன். "எனக்கு வேலை கெடக்குது" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். கையில் புளி கொட்டை எடுக்கும் தட்டு. பெரியப்பா பொன்னுருவி கட்டத்தை எடுத்தார். பெரியம்மா புளியைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பதிவில் நான் எதையும் வெட்டவில்லை.

வாரா வாரம் விட்டு விட்டு எடுப்பதால் ஒவ்வொரு முறையும் எல்லாம் அதே இடத்தில் இருக்க வேண்டும். மைக் மூன்று விரல் மாறினாலும் குரல் வேறு ஆளாகிவிடுகிறது. நோட்டில் எல்லா அளவையும் எழுதி வைத்திருக்கிறேன். பூமின் உயரம், நெற்றிக்கும் மைக்குக்கும் சாண் கணக்கு, கெயின் எண், முக்காலி இடம். ஸ்டாண்டுகளின் கால் நிற்கும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்துவிட்டுப் போவேன். ஆனால் பெரியம்மா வெள்ளிக்கிழமை சாணி மெழுகுவார். சனிக்கிழமை வந்தால் குறி இருக்காது, மறுபடி முழம் போட வேண்டும். ஒருமுறை அதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரம் வர இரவு பத்து மணி ஆகிவிட்டது. கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். மெழுகின தரையில் கோலமாவால் ஒன்பது புள்ளிகள். மூன்று கேமராவுக்கு, மூன்று பூமுக்கு, மூன்று மத்தள மைக்குக்கு. பூமை எடுத்துக் காலை விரித்து வைத்தேன். மூன்றும் புள்ளியில் உட்கார்ந்தன. கை நீளும் பக்கத்துப் புள்ளி மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.